அத்தி மரமும் கடல் நத்தையும் ஒரே பெயரில்: லத்தீன் பெயர்கள் மோதிக்கொள்வது எப்படி?

ஃபைகஸ் வேரிகேட்டா என்று ஓர் அத்தி மரம் இருக்கிறது. தென்கிழக்கு ஆசியக் காடுகளிலிருந்து ஆஸ்திரேலியா வரை பரவி வளரும் இந்த மரத்தில், காய்கள் அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்த்துத் தொங்கும். அதே ஃபைகஸ் வேரிகேட்டா என்ற பெயரில் ஒரு கடல் நத்தையும் இருக்கிறது. இந்தோ-பசிபிக் கடல்களில் வாழும் அதன் ஓடு மெல்லியது. ஒரு முனை பருத்து மறுமுனை நீண்டு, அத்திப்பழ வடிவில் இருக்கும். மரத்தின் பெயரும் சரி, நத்தையின் பெயரும் சரி, இன்றுவரை செல்லுபடியாகின்றன. எந்த அறிஞரும் இவற்றில் ஒன்றைப் பிழை என்று நீக்கவில்லை, நீக்கவும் முடியாது.

அறிவியல் பெயர் என்றாலே உலகம் முழுவதற்கும் ஒன்று, ஓர் உயிருக்கு மட்டுமே உரியது என்றுதான் பள்ளியில் படித்திருக்கிறோம். ஊருக்கு ஊர் மாறும் வழக்குப் பெயர்களின் குழப்பத்தைத் தீர்க்கவே லத்தீன் பெயர்கள் வந்தன என்பதும் உண்மைதான். அப்படியிருக்க, ஒரு மரமும் ஒரு நத்தையும் இரண்டு சொற்களும் மாறாமல் ஒரே பெயரைச் சுமப்பது எப்படி? பாடப்புத்தகம் சொல்லாமல் விட்ட ஒரு நிபந்தனையில் இதற்கான விடை இருக்கிறது. பெயர் தனித்துவமாக இருக்கும் என்ற உறுதிமொழி உயிருலகம் முழுவதற்கும் சேர்த்து ஒருபோதும் தரப்படவில்லை. விலங்குகளுக்குள் ஓர் உறுதிமொழி, தாவரங்களுக்குள் வேறோர் உறுதிமொழி என்று தனித்தனியாகவே தரப்பட்டது.

நத்தைக்குப் பெயர் வந்த விதத்தைப் பார்த்தால் இது விளங்கும். ஹாம்பர்க் நகரில் யோவாகிம் ஃபிரெட்ரிக் போல்டன் என்ற மருத்துவர் சங்குகளையும் சிப்பிகளையும் பெருமளவில் சேர்த்து வைத்திருந்தார். அவர் இறந்த பிறகு அந்தச் சேகரிப்பு விற்பனைக்கு வந்தது. விற்பனைக்கான பட்டியலைத் தயாரித்த பீட்டர் ஃபிரெட்ரிக் ரோடிங், 1798-இல் அச்சான அந்தப் பட்டியலிலேயே ஏராளமான புதிய பெயர்களையும் சூட்டிவிட்டார். அத்திப்பழ வடிவ நத்தைகளுக்கு ஃபைகஸ் என்ற பேரினப் பெயரும் (இரட்டைச் சொல்லில் முதலாவது), அவற்றில் ஒன்றுக்கு ஃபைகஸ் வேரிகேட்டா என்ற முழுப்பெயரும் அங்கேதான் பிறந்தன. ஏலப் பட்டியல் என்பதால் அறிவியல் உலகம் அதை நெடுங்காலம் கவனிக்கவில்லை. ஆனால் அச்சில் வந்துவிட்டதால் அதன் பெயர்கள் கணக்கில் சேர்ந்துவிட்டன. அதற்கு 27 ஆண்டுகள் கழித்து, 1825-இல், ஜாவாத் தீவின் தாவரங்களை விவரித்த கார்ல் லுட்விக் புளூம் ஓர் அத்தி மரத்துக்கு ஃபைகஸ் வேரிகேட்டா என்று பெயரிட்டார். அத்தி, ஆல், அரசு எல்லாம் அடங்கிய ஃபைகஸ் என்ற தாவரப் பேரினம் லின்னேயஸ் காலத்திலேயே நிலைபெற்றது. பல நிறம் கலந்தது என்ற பொருளில் வேரிகேட்டா என்ற அடைமொழியும் எல்லோர் கையிலும் புழங்கியது. ஹாம்பர்க் ஏலப் பட்டியலைப் புளூம் புரட்டிப் பார்த்திருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

இப்போது விதிகளுக்கு வருவோம். தாவரப் பெயர்களின் கணக்கு, கார்ல் லின்னேயஸ் 1753-இல் வெளியிட்ட தாவர நூலிலிருந்து தொடங்குகிறது. விலங்குப் பெயர்களின் கணக்கு, அவருடைய மற்றொரு நூலின் பத்தாம் பதிப்பு வெளிவந்த 1758-இலிருந்து தொடங்குகிறது. பாக்டீரியாக்களுக்கு 1980 ஜனவரி 1 அன்று புதுக்கணக்கே தொடங்கப்பட்டது. அன்று ஏற்கப்பட்ட பட்டியலில் இடம்பெறாத பழைய பெயர்கள் உரிமை இழந்தன. வைரஸ்களுக்குத் தனி ஏற்பாடு. விலங்குகளுக்கு ஒரு விதித்தொகுப்பு, பாசி, பூஞ்சை, தாவரம் மூன்றுக்கும் சேர்த்து ஒரு விதித்தொகுப்பு, பாக்டீரியாக்களுக்கு இன்னொன்று. ஒரு நகரத்தின் பஸ் எண் அடுத்த நகரத்திலும் ஓடுவதுபோல, விலங்கு விதித்தொகுப்பில் பதிவான பெயர் தாவர விதித்தொகுப்பிலும் இருக்கலாம். ஒன்று மற்றொன்றைத் தடுக்காது.

ஆனால் தொடக்கத்தில் எண்ணம் இப்படி இருக்கவில்லை. 1751-இல் எழுதிய தாவரவியல் கோட்பாட்டு நூலில், விலங்கியலாளர்களும் கனிமவியலாளர்களும் ஏற்கெனவே வைத்திருக்கும் பெயரைத் தாவரவியலாளர்கள் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தால் அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றே லின்னேயஸ் எழுதினார். 1842-இல் ஹியூ ஸ்ட்ரிக்லேண்ட் தலைமையில் பிரிட்டனில் உருவான முதல் விலங்கியல் பெயர் விதிகளும் அதே போக்கில்தான் இருந்தன. சார்லஸ் டார்வினும் உறுப்பினராக இருந்த குழு அது. விலங்கியலிலோ தாவரவியலிலோ முன்பே புழங்கும் பேரினப் பெயரை மாற்ற வேண்டும் என்று அந்த விதி சொன்னது. 1865-இல் விதிகளைத் திருத்தியபோது, தாவரவியலை இதற்குள் கொண்டுவர வேண்டாம் என்று முடிவாயிற்று. இரண்டு ஆண்டுகளில், 1867-இல், அல்போன்ஸ் டி கன்டோல் எழுதிய தாவரப் பெயர் விதிகளைப் பாரிஸ் மாநாடு ஏற்றுக்கொண்டது. இரண்டு பாதைகளும் அங்கே பிரிந்தன.

அந்த முடிவு சோம்பலால் வந்ததில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. அன்றைய பூச்சியியலாளர் தம் துறை நூல்களைத் திரட்டுவதே பெரும்பாடு. உலகத்துத் தாவர நூல்களையும் தேடிப் படித்த பிறகுதான் ஒரு வண்டுக்குப் பெயர் வைக்கலாம் என்றால், பாதி வண்டுகள் பெயரில்லாமலேயே கிடந்திருக்கும். தவிர, வண்டைப் பற்றிப் படிப்பவர் மரத்தைப் பற்றிய கட்டுரையோடு அதைக் குழப்பிக்கொள்ளும் வாய்ப்பு அன்றைக்கு இல்லை. நூலகத்தின் அலமாரிகளே தனித்தனி.

மேலும், விதி வருவதற்கு முன்பே நிலைமை கைமீறியிருந்தது. லூயி பியேர் வியெய்யோ என்ற பிரெஞ்சுப் பறவையியலாளர் 1816-இல் வெளியிட்ட ஒரே சிறு நூலில் மட்டும் மூன்று தாவரப் பெயர்கள் பறவைகளுக்குப் போயின. பட்டுப்புழுவுக்கு இலை தரும் மல்பெரிச் செடியின் பேரினமான மோரஸ், வட அட்லான்டிக் பாறைகளில் கூடுகட்டும் கேனட் என்ற பெரிய கடற்பறவைக்குப் பெயரானது. நீரோரத்தில் வளரும், சில சிற்றினங்களில் கொடிய நஞ்சுள்ள ஒனாந்தே செடியின் பெயர், வீட்டியர் என்னும் சிறு பறவைக்கு வந்தது. மூலிகையான புரூனெல்லாவின் பெயர் டன்னக் என்ற தோட்டத்துக் குருவியின் பேரினத்துக்கு ஆனது. மூன்றும் தாவரங்களுக்கு லின்னேயஸ் ஏற்றுக்கொண்ட பெயர்கள். மூன்றும் இன்று பறவைகளுக்கும் செல்லும். மோரஸ் இதில் இன்னும் விசித்திரம். மல்பெரியின் பெயர் பழைய லத்தீன் சொல். பறவையின் பெயரோ, மனிதரைக் கண்டு பயப்படாத அதன் இயல்பைக் குறித்து, அறிவிலி எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தது. பிறந்த இடம் வேறானாலும் எழுத்து ஒன்றாகிவிட்டது.

பெயர்கள் மோதுவதற்கு அடிப்படைக் காரணம் சொல் பஞ்சம். உயிர்களோ லட்சக்கணக்கில், பெயரிடுவோர் கைவைத்ததோ இரண்டு பழைய மொழிகளின் சொற்களஞ்சியத்திலும், சில நூறு புராணப் பாத்திரங்களிலும், மதிப்புக்குரிய மனிதர்களின் பெயர்களிலும். குச்சி போன்ற உடல் என்றால் பாசில்லஸ் என்ற சொல் யாருக்கும் தோன்றும். 1827-இல் அது மத்தியதரைக் கடல் பகுதியின் குச்சிப்பூச்சிக்குப் பேரினப் பெயரானது. 1872-இல் ஃபெர்டினாண்ட் கோன் அதையே நுண்ணோக்கியில் தெரிந்த கோல் வடிவ பாக்டீரியாவுக்கு வைத்தார். ஆந்த்ராக்ஸ் நோயைத் தரும் பாக்டீரியாவும் அந்தக் குச்சிப்பூச்சியும் இன்றும் பாசில்லஸ்தான்.

மனிதர் பெயரால் வந்த மோதலுக்கு நம் மலைகளிலேயே அழகான சான்று இருக்கிறது. தாமஸ் ஜெர்டன் சென்னை ராஜதானியில் மருத்துவராகப் பணியாற்றியவர். இந்தியப் பறவைகளைப் பற்றிய அவருடைய நூல்கள் பின்வந்தவர்களுக்கெல்லாம் அடித்தளம். கோயம்புத்தூரில் பருத்தி ஆய்வுப் பண்ணையை நடத்திய தாவரவியலாளர் ராபர்ட் வைட், தெற்கு மேற்குத் தொடர்ச்சி மலைகளில் மட்டுமே வளரும் ஒரு சிறு செடிக்கு 1848-இல் ஜெர்டோனியா இண்டிகா என்று பெயரிட்டார். அந்தப் பேரினத்தில் அது ஒன்றே சிற்றினம். 1861-இல் பிளான்ஃபோர்ட் சகோதரர்கள் அதே மலைத்தொடரின் சிறிய நில நத்தைகளுக்கு ஜெர்டோனியா என்று பெயர் வைத்தார்கள். ஒரே மனிதருக்குச் செய்த இரண்டு மரியாதைகள், ஒரே மலைத்தொடரில், ஒரே எழுத்துகளில். சிற்றினப் பெயர்கள் வேறு என்பதால் முழுப்பெயர் மோதவில்லை.

முழுப்பெயரே மோதுவது அரிது. பேரினப் பெயர் மட்டும் இரண்டு பக்கமும் இருப்பதற்கு ஆயிரக்கணக்கில் எடுத்துக்காட்டுகள் உண்டு. இரண்டு சொற்களும் ஒத்துப்போகும் இணைகளோ மிகச் சிலவே. அஸ்டெரினா கிப்போசா என்பது ஐரோப்பியக் கடலோரத்து நட்சத்திர மீன், ஒரு பூஞ்சையும்கூட. அகாதிஸ் மொன்டானா என்பது நியூ கலிடோனியாவின் உயர்ந்த மலையொன்றில் வளரும் ஊசியிலை மரம், ஒரு குளவியும்கூட. இவற்றில் என் மனத்துக்கு மிகவும் பிடித்தது காஸியா பிரின்செப்ஸ். கியூபாவின் மேற்குப் பகுதிச் சுண்ணாம்புக் குன்றுகளில் நிற்கும் ஒரு பனை வகை இது. கணித மேதை காஸின் பெயரால் 1865-இல் பேரினத்துக்குப் பெயர் வந்தது. அதே பெயரில் ஆழ்கடலில் ஒரு நுண்ணிய ஓட்டுயிரியும் மிதக்கிறது. 1894-இல் விவரிக்கப்பட்டபோது அது வேறொரு பேரினத்தில் இருந்தது. காஸியா என்ற விலங்குப் பேரினம் 1905-இல் உருவாகி, சிற்றினம் அங்கே மாற்றப்பட்ட பிறகுதான் பனையின் பெயரோடு முழுமையாக ஒன்றியது. தொந்தரவு செய்தால் ஒளிரும் திரவத்தைக் கக்கும் உயிர் அது. அந்த ஒளியைத் தரும் நொதி இன்று உலகெங்கும் உயிரணு ஆய்வுக்கூடங்களில் மரபணுச் செயல்பாட்டைக் கண்காணிக்கும் கருவியாகப் பயன்படுகிறது. ஆய்வுக் கட்டுரைகளில் வெறும் காஸியா என்றே அது குறிப்பிடப்படுகிறது.

பெயரைப் பார்த்தே எந்தப் பக்கம் என்று கண்டுகொள்ள ஒரே ஓர் அடையாளம் சில சமயம் உதவும். பேரினச் சொல்லையே சிற்றினச் சொல்லாக இரட்டிப்பது விலங்கியலில் தாராளமாக அனுமதிக்கப்படுகிறது. தாவர விதித்தொகுப்பில் அதற்கு முழுத் தடை. எனவே ஃபைகஸ் ஃபைகஸ் என்று ஒரு பெயரைக் கண்டால் அது நத்தை மட்டுமே. மரமாக இருக்க வழியில்லை. நம் மீன் சந்தைகளில் சுதும்பு என்று விற்கும் மீனின் அறிவியல் பெயர் லாக்டேரியஸ் லாக்டேரியஸ். கீறினால் பால் வடியும் காளான்களின் பெரும் பேரினம் ஒன்றுக்கும் லாக்டேரியஸ் என்றே பெயர், ஆனால் அந்தக் காளான்களில் எதற்கும் இப்படி இரட்டைப் பெயர் இருக்க முடியாது.

இவ்வளவு தாராளம் வேலிக்கு வெளியேதான். ஒரே விதித்தொகுப்புக்குள் இரண்டு பேரினங்கள் ஒரே பெயரைக் கொள்ள முடியாது. முதலில் அச்சில் வந்தது வெல்லும், பின்னால் வந்தது பெயரை இழக்கும். எது புகழ்பெற்றது என்று விதி பார்ப்பதில்லை. ஆஸ்திரேலியாவின் முட்டையிடும் பாலூட்டிக்கு ஜார்ஜ் ஷா 1799-இல் பிளாட்டிபஸ் அனாட்டினஸ் என்று பெயரிட்டார். ஆனால் மரத்தைத் துளைக்கும் ஒரு வண்டுப் பேரினம் 1793-லேயே பிளாட்டிபஸ் ஆகிவிட்டிருந்தது. 1800-இல் புளூமன்பாக் அதே பாலூட்டிக்குத் தனியாக வைத்திருந்த ஆர்னிதோரிங்கஸ் என்ற பேரினப் பெயர் அந்த இடத்துக்கு வந்தது. சிற்றினச் சொல்லில் ஷா முந்தியவர் என்பதால் அது மட்டும் நிலைத்து, விலங்கு ஆர்னிதோரிங்கஸ் அனாட்டினஸ் ஆனது. பேச்சுவழக்கில் அதை இன்றும் உலகமே பிளாட்டிபஸ் என்கிறது. அறிவியலில் அந்தப் பெயர் வண்டுக்கே சொந்தம். அதன் உறவான எகிட்னாவுக்கும் இதே கதிதான். கூவியே 1797-இல் வைத்த எகிட்னா என்ற பெயர் அதற்கு முன்பே ஓர் அஞ்சாலை மீன் பேரினத்துக்குப் போயிருந்தது. முள்ளுடம்பு விலங்கு டாக்கிகிளாசஸ் ஆனது.

பழைய காலத்தின் தகவல் தட்டுப்பாட்டால் மட்டும் இது நடக்கவில்லை. பெரு நாட்டின் பாலைவனத்தில், 36 சென்டிமீட்டர் நீளம் வரையான பற்களுடன் கிடைத்த ராட்சதத் திமிங்கிலப் புதைபடிவத்துக்கு 2010 ஜூலையில் முன்னணி அறிவியல் இதழொன்றில் லெவியத்தான் என்று பெயர் சூட்டப்பட்டது. ஆனால் ஆல்பர்ட் கோக் என்பவர் மிசூரியில் கிடைத்த மாஸ்டடான் யானையின் எலும்புகளைக் கோத்துக் காட்சிக்கு வைத்து, 1841-இல் லெவியத்தான் என்ற பெயரை அச்சிட்டிருந்தார். அந்தப் பெயரை இன்று யாரும் பயன்படுத்துவதில்லை. அந்த யானைக்கு அதைவிடப் பழைய வேறு பெயர் இருக்கிறது. இருந்தும் பயனில்லை. முறைப்படி அச்சில் வந்த பெயர் வழக்கொழிந்தாலும் தன் இடத்தை விட்டுக்கொடுக்காது. அடுத்த மாதமே ஆய்வாளர்கள் எபிரேய உச்சரிப்பைப் பின்பற்றி லிவ்யதான் என்று மாற்றிக்கொண்டார்கள்.

தாங்களே மாற்றிக்கொள்வதுதான் கௌரவமான வழி. ஜிம்பாப்வேயில் கிடைத்த ஒரு டைனோசருக்கு மைக்கேல் ராத் 1969-இல் சின்டார்சஸ் என்று பெயரிட்டிருந்தார். சரியாக நூறு ஆண்டுகளுக்கு முன், 1869-இல், ஒரு வண்டுக்கு அதே பெயர் வைக்கப்பட்டிருந்ததைக் கண்ட மூன்று பூச்சியியலாளர்கள் 2001-இல் புதுப்பெயரைத் தாங்களே அச்சிட்டுவிட்டார்கள்: மெகாப்னோசாரஸ், அதாவது செத்த பெரிய பல்லி. விதிப்படி அது செல்லும். ஆனால் ஒருவருடைய வாழ்நாள் உழைப்பின் மேல் வேடிக்கைப் பெயரை ஒட்டுவது நாகரிகமில்லை என்று தொல்லுயிரியலாளர்கள் கொதித்தார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம் என்று நான் நினைக்கிறேன். பெயர் மோதலைக் கண்டுபிடித்தவர் முதலில் பெயரிட்டவருக்குத் தெரிவித்து, மாற்றிக்கொள்ளப் போதிய அவகாசம் தர வேண்டும் என்பதை விலங்கியல் விதித்தொகுப்பின் நன்னெறிப் பகுதியே சொல்கிறது.

முன்னுரிமை விதியைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றினால் நன்கு பழகிய பெயர்கள் காணாமல் போகும் என்பதால் ஒரு பாதுகாப்பும் உண்டு. பழைய பெயரை 1899-க்குப் பிறகு யாரும் செல்லுபடியாகும் பெயராகப் பயன்படுத்தாமல் இருந்து, புதிய பெயரைக் கடந்த 50 ஆண்டுகளில் குறைந்தது 10 ஆசிரியர்கள் 25 நூல் அல்லது கட்டுரைகளில் பயன்படுத்தியிருந்தால், புதியதையே தக்கவைத்துக்கொள்ளலாம். இதற்கு அடங்காதவை விலங்கியல் பெயர்களுக்கான சர்வதேச ஆணையத்தின் தீர்ப்புக்குப் போகும். பேரினங்கள் வெவ்வேறாக இருந்தும் குடும்பப் பெயர் மோதிய வழக்குகளும் உண்டு. ஸ்பேரியம் என்ற நன்னீர்ச் சிப்பியும் ஸ்பேரியஸ் என்ற கடுகளவு வண்டும் ஓரெழுத்து மாறியவை. குடும்பப் பெயர் ஆக்கும்போது ஈறு உதிர்ந்து இரண்டும் ஸ்பேரியிடே ஆகிவிட்டன. வண்டின் குடும்பத்தை ஸ்பேரியுசிடே என்று நீட்டித் தீர்த்தார்கள்.

வேலியின் மேலேயே உட்கார்ந்திருக்கும் உயிர்கள் இன்னொரு சிக்கல். யூக்ளினா வெளிச்சத்தில் பச்சையத்தால் உணவு தயாரிக்கும், நீந்தவும் செய்யும். பாசி ஆய்வாளர்கள் அதைத் தாவர விதித்தொகுப்பின்கீழும், விலங்கியலாளர்கள் தங்கள் விதித்தொகுப்பின்கீழும் பெயரிட்டு வந்தார்கள். இரண்டு உயிர்களுக்கு ஒரே பெயர் என்பதற்கு நேர்மாறாக, இங்கே ஓர் உயிருக்கு இரண்டு சரியான பெயர்கள் வர வழியுண்டு.

அலமாரிகள் தனித்தனியாக இருந்தவரை இந்த ஏற்பாடு ஓடியது. இன்று அலமாரிகள் இல்லை. மரபணு வரிசைகள், அருங்காட்சியகப் பதிவுகள், பறவை நோக்குவோரின் குறிப்புகள் எல்லாம் ஒரே தேடுபொறியில் விழுகின்றன. அமெரிக்காவின் உயிரித் தொழில்நுட்பத் தகவல் மையம் தன் தரவுத்தளத்தில் பாசில்லஸ் என்ற பெயருக்குப் பக்கத்தில் பாக்டீரியா என்றும் குச்சிப்பூச்சி என்றும் அடையாளம் சேர்த்துத்தான் இரண்டையும் பிரிக்கிறது. முறைப்படி எழுதினால், பெயரிட்டவரின் பெயரைச் சேர்த்தாலே பிரச்சினை தீரும்: ஃபைகஸ் வேரிகேட்டா ரோடிங் 1798 என்றால் நத்தை, ஃபைகஸ் வேரிகேட்டா புளூம் என்றால் மரம். ஆனால் கட்டுரைத் தலைப்புகளிலும் அட்டவணைகளிலும் முதலில் வெட்டப்படுவது அந்தப் பகுதிதான்.

எல்லா உயிர்களுக்கும் பொதுவான ஒரே விதித்தொகுப்பு வேண்டும் என்று 1990-களில் ஒரு வரைவு முன்வைக்கப்பட்டது. இனிமேல் இரண்டு பக்கமும் ஒரே பெயர் புதிதாகப் பிறக்கக் கூடாது என்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. அது நடைமுறைக்கு வரவில்லை. புதிய பேரினப் பெயர் வைக்குமுன் தாவர, பாக்டீரியப் பட்டியல்களையும் பார்த்து, அங்கே இருக்கும் பெயரைத் தவிர்க்குமாறு விலங்கியல் விதித்தொகுப்பு கேட்டுக்கொள்கிறது. அது பரிந்துரை மட்டுமே, மீறினாலும் பெயர் செல்லும். 1865-இல் அந்தச் சலுகைக்கு நியாயம் இருந்தது. வெளிநாட்டு நூலகங்களுக்குக் கடிதம் எழுதி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம் அது. இன்று உலகின் பேரினப் பெயர்களில் பெரும்பகுதி இணையப் பட்டியல்களில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு பெயர் எங்காவது இருக்கிறதா என்று பார்க்கச் சில நிமிடங்கள் போதும். பூஞ்சைகளுக்கு 2013 முதல் பதிவு எண் இல்லாமல் புதிய பெயரே செல்லாது. விலங்கியலில் மின்னிதழில் வெளியாகும் பெயர்களுக்கும் பதிவு கட்டாயமாகிவிட்டது. அந்தப் பதிவின்போதே மற்ற விதித்தொகுப்புகளின் பட்டியலையும் ஒத்துப்பார்க்கச் செய்து, பரிந்துரையை விதியாக்கிவிடலாம். பழைய இணைகளைத் தொட வேண்டியதில்லை. மோரஸையோ ஃபைகஸையோ இப்போது மாற்றினால் நூற்றுக்கணக்கான சிற்றினங்களின் பெயர்களும், இருநூறு ஆண்டு நூல்களும், மருந்து, வேளாண்மைப் பதிவுகளும் ஒரே நாளில் பழையனவாகிவிடும். புதிதாகப் பிறக்கும் பெயர்களுக்கு மட்டும் விதி போட்டால் போதும்.